பிஸ்மத்: வயிற்று மருந்து எப்படி வெயிலில் தண்ணீர் சுத்தம் செய்யும் பொடி ஆனது?

1. இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. "மஞ்சள் பொடியைத் தூவி வெயிலில் வைத்தால் சாயக் கழிவு தெளிந்துவிடும், அதே பொடி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் தரும்" என்கிற மாதிரி செய்திகள் அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பொடியின் பெயர் பெரும்பாலும் பிஸ்மத் என்று ஆரம்பிக்கும். பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கத்து நண்பர்கள் அதை அனுப்பிவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், இதை நம்ம ஏரியில போட்டா என்ன?"

2. போடக்கூடாது. ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அறிவியல் உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. ஏன்னு புரிய பிஸ்மத்தோட வரலாறு தெரியணும். வேதியியல்காரர்கள் கையில் போவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே இது எங்க மருத்துவர்கள் கையில் இருந்த உலோகம். அதனால இந்தக் கதையை ஒரு டாக்டர் சொல்றதுல தப்பில்லை.

3. தனிம அட்டவணையில் பிஸ்மத்தின் எண் 83. அது குடியிருக்கிற தெருவைப் பாருங்க. 80 பாதரசம். 81 தாலியம், எலி மருந்தாக இருந்தது. 82 ஈயம். 84 பொலோனியம். எல்லாமே விஷம். நடுவில் இருக்கிற பிஸ்மத்தை மட்டும் நாம் மாத்திரையாகச் சாப்பிடுகிறோம். காரணம், அதன் உப்புகள் தண்ணீரில் பெரிதாகக் கரைவதில்லை. குடல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். விழுங்கியதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போய்விடும்.

4. பழைய ஐரோப்பியச் சுரங்கக்காரர்கள் இதை ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்தார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பூமிக்குள் வெள்ளியாக மாறிக்கொண்டிருக்கும் உலோகம் என்றே நம்பினார்கள். தோண்டும்போது பிஸ்மத் கிடைத்தால் "அவசரப்பட்டுட்டோமே" என்று வருத்தப்படுவார்களாம். இது ஈயம் அல்ல, தனி உலோகம் என்று 1753-ல் பிரான்சின் குளோட் பிரான்சுவா ஜெஃப்ராய் காட்டினார்.

5. மருத்துவத்துக்கு வருவோம். 1786-ல் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஓடியே என்ற மருத்துவர் பிஸ்மத் சப்நைட்ரேட்டை அஜீரணத்துக்கும் வயிற்று வலிக்கும் கொடுத்து எழுதி வைத்தார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல், புண் என்று எல்லாத்துக்கும் பிஸ்மத் பொடிதான். சாப்பிட்டவர்களுக்கு நாக்கும் மலமும் கருத்துப் போகும். பயப்பட வேண்டாம். வாயிலும் குடலிலும் இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து அது கருப்பு பிஸ்மத் சல்பைடு ஆகிறது, அவ்ளோதான்.

6. 1896-ல் எக்ஸ்-கதிர் கண்டுபிடித்த சூட்டோடு, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் பிராணிகளுக்கு உணவில் பிஸ்மத் கலந்து கொடுத்து, உணவு இறங்கி இரைப்பை அசைவதைத் திரையில் பார்த்தார். கனமான அணு என்பதால் எக்ஸ்-கதிரைத் தடுத்து நிழல் காட்டும். சில வருடங்களில் மனிதர்களுக்கும் "பிஸ்மத் உணவு" கொடுத்து வயிற்றைப் படம் எடுத்தார்கள். இன்றைய பேரியம் பரிசோதனைக்கு அண்ணன் இதுதான்.

7. முதல் அடி அங்கேதான் விழுந்தது. மருந்தாகக் கொடுத்தது சில கிராம். படம் எடுக்கக் கொடுத்தது பல பத்து கிராம். சிலருடைய குடல் பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கியது. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் நோயாளிகள் நீலம் பாரித்து இறந்தார்கள். 1910 வாக்கில் பேரியம் சல்பேட் அந்த இடத்துக்கு வந்தது. சாதுவான பொருள், அளவு மாறியதும் சாதுவாக இல்லை. இதை மனசுல வச்சுக்குங்க. திரும்ப வரும்.

8. 1921-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சாசெராக், லெவாடிட்டி இருவரும் பிஸ்மத் ஊசி மேகநோய்க்கு (சிபிலிஸ்) வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதுவரை அந்த நோய்க்குப் பாதரசம் கொடுத்துப் பல் விழ வைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த இருபது சொச்சம் வருடம், பென்சிலின் வரும்வரை, பிஸ்மத் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு விஷ உலோகம் இருந்த இடத்துக்கு பிஸ்மத் வந்த கதை. இந்தக் கதையும் திரும்ப வரும்.

9. இரண்டாவது அடி 1970-களில் பிரான்சில். மலச்சிக்கலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மக்கள் பிஸ்மத்தை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தினமும் சாப்பிட்டார்கள். குழப்பம், கை கால் வெட்டி இழுப்பு, நடை தள்ளாட்டம் என்று மூளை பாதிப்பு வர ஆரம்பித்தது. 900-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது, 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இருநூறு வருஷமாக "பாதுகாப்பானது" என்று பெயரெடுத்த மருந்து இது.

10. அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 1980-களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்றார்கள். பழைய பிஸ்மத் ஏன் அல்சரை ஆற்றியது என்பதற்கும் விடை கிடைத்தது: அது அந்தக் கிருமியைத் தாக்குகிறது. 2005-ல் இருவருக்கும் நோபல். இன்றும் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைக்கும் மாத்திரை நான்கையும் சேர்த்து 14 நாள் கொடுக்கிறோம். அளவு உண்டு, கெடு உண்டு. அதனால பயம் இல்லை.

11. இப்போ வெயிலுக்கு வருவோம். வீட்டுச் சுவரில் அடிக்கும் வெள்ளை பெயின்ட் சில வருஷத்தில் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும் இல்லையா? அந்த வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. வெயில் பட்டதும் அது சுற்றியிருக்கும் பெயின்ட் பசையையே அரிக்கிறது. பெயின்ட்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. 1938-லேயே லண்டனில் குட்ஈவ், கிச்சனர் இருவரும் இந்தப் பொடி ஒளியில் சாயத்தை வெளுக்க வைப்பதை ஆராய்ந்து எழுதினார்கள்.

12. 1972-ல் அந்தத் தலைவலி தலைப்புச் செய்தி ஆனது. ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையைத் தண்ணீரில் வைத்து ஒளி பாய்ச்சினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வருவதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த வருஷமே உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி. வெயிலும் தண்ணீரும் போதும், எரிபொருள் கிடைக்கும் என்றால் யார்தான் விடுவார்கள்?

13. இது எப்படி வேலை செய்கிறது? மருத்துவ உதாரணம் சொல்றேன். உங்க ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு இருக்கிறது. கிருமியை விழுங்கியதும் அது ஆக்சிஜனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பர் ஆக்சைடு தயாரித்து அதன் மேல் கொட்டும். ஒளிவினையூக்கியும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. ஒளி பட்டதும் பொடிக்குள் ஒரு எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை விழும். எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர் ஆக்சைடு ஆக்கும். துளை தண்ணீரிலிருந்தே ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். இரண்டும் கண்ணில் பட்ட கரிமப் பொருளை எல்லாம் துண்டு துண்டாக்கும்.

14. சீக்கிரமே சுற்றுச்சூழல் பக்கமும் திரும்பினார்கள். 1976-ல் கனடாவில் ஒரு குழு, எளிதில் அழியாத பிசிபி என்ற குளோரின் கழிவை இந்தப் பொடியும் ஒளியும் சிதைப்பதைக் காட்டியது. 1977-ல் ஃபிராங்க், பார்ட் இருவரும் சயனைடை இதே வழியில் சிதைத்தார்கள். மின்முலாம் பூசும் பட்டறைக் கழிவில் இருக்கிற அதே சயனைடு. நம்ம ஊருக்கு இது எவ்வளவு பக்கத்து விஷயம்னு பாருங்க.

15. ஆனா ஒரு சிக்கல். டைட்டானியம் பொடி வெள்ளை. வெள்ளை என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒளி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று அர்த்தம். அது விழுங்குவது புற ஊதாக் கதிரை மட்டும்தான். பிள்ளைப்பாக்கத்து மே மாத வெயிலில்கூட புற ஊதா சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி நாற்பது சதவீதத்துக்கும் மேல். அதாவது, சாப்பாடு முழுக்க இலையில் இருக்க, ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்து போகிற கதை.

16. அப்போ நிறம் உள்ள பொடி வேணும். மஞ்சளாகத் தெரியும் பொருள் நீல ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். 1990-களின் கடைசியில் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அகிஹிகோ குடோவின் குழு பிஸ்மத் வனடேட் என்ற மஞ்சள் பொடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுப்பதைக் காட்டியது. சுமார் 520 நானோமீட்டர் வரை உள்ள ஒளி அதற்குப் போதும். அடுத்து பிஸ்மத் டங்ஸ்டேட் வந்தது. 2006 வாக்கில் பிஸ்மத் ஆக்சிகுளோரைடும் வந்தது. இது நகப்பூச்சு, முகப்பூச்சுகளில் முத்து மினுமினுப்புக்குச் சேர்க்கிற பழைய பொருள்தான்.

17. ஏன் பிஸ்மத்? அதன் அணுவில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. ஆக்சிஜனின் எலக்ட்ரான்களோடு அது கலக்கும்போது கீழ்ப்படி கொஞ்சம் உயர்கிறது. கீழ்ப்படி உயர்ந்தால் தாவ வேண்டிய உயரம் குறையும். அதனால் வலு குறைந்த நீல ஒளியே எலக்ட்ரானைத் தூக்கிவிடப் போதும். ஈயத்துக்கும் இதே ஜோடி உண்டு. ஆனால் ஈயத்தைத் தண்ணீரில் போட யாருக்கு மனசு வரும்?

18. இதில் ஒரு சுவாரசியம். பிஸ்மத் வனடேட் முதலில் தலைகாட்டியது எரிசக்தி ஆய்வில் இல்லை, 1924-ல் ஒரு ஜெர்மன் மருந்துக் காப்புரிமையில். பிறகு 1980-களில் மஞ்சள் நிறமியாகச் சந்தைக்கு வந்தது. அதுவரை பளிச் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும் காட்மியமும்தான். இரண்டும் நஞ்சு என்பதால் அந்த இடத்துக்கு இது வந்தது. கார் பெயின்ட் உலகில் இன்று நல்ல மஞ்சள் வேண்டுமென்றால் இந்தப் பெயரைச் சொல்லாமல் முடியாது. வெயிலில் நிறம் மாறாமல் இருக்க நிறமித் துகளுக்கு மேல் உறை போட்டு, அதன் ஒளி வேலையை அடக்கி விற்கிறார்கள். பெயின்ட்காரர் அடக்கியதை வேதியியல்காரர் அவிழ்த்துவிட்டார்.

19. பாதரசம் போய் பிஸ்மத் ஊசி. ஈயம் போய் பிஸ்மத் மஞ்சள். மின்னணுத் தொழிலிலும் அதே. 2006-ல் ஐரோப்பா மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு, குறைந்த சூட்டில் உருகும் வெள்ளீய, பிஸ்மத் பற்றாசுக்கு மவுசு வந்தது. 138 டிகிரியிலேயே உருகிவிடும். கார், கைபேசி, சோலார் என்று மூன்றும் தயாராகும் நம்ம வட்டாரத்துக்கு பிஸ்மத் அந்நியன் இல்லை.

20. சரி, தமிழ்நாட்டில் என்ன நடந்தது? ஒளிவினையூக்கி ஆய்வு இங்கே புதுசு இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வி. முருகேசன், பானுமதி அரவிந்து ஆகியோரின் குழு 2000-களின் தொடக்கத்திலேயே துணிச் சாயங்களைச் சூரிய ஒளியில் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடு பொடிகளால் சிதைத்து, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை எழுதியது. எதுக்குச் சாயம்? திருப்பூரும் நொய்யலும் கண் முன்னே இருந்ததால்தான்.

21. ஆனால் நொய்யலில் சாயக் கழிவுக்குத் தடை போட்டது எந்தப் பொடியும் இல்லை. நீதிமன்றம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியவர்களுக்குத்தான் மறுபடி கதவு திறந்தது. அதற்கு முன் 1996-ல் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, மீட்டர், ஆய்வு அதிகாரி. கேட்க சலிப்பாத்தான் இருக்கும். வேலை செய்தது இதுதான்.

22. இப்போ பிள்ளைப்பாக்கம். இங்கே சிப்காட் பூங்கா இருக்கிறது, ஏரியும் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் பேனல் செய்யும் ஆலையை இங்கே திறந்தது. காட்மியம் டெல்லுரைடு என்ற மெல்லிய படலத்தால் ஆன பேனல். அந்த ஆலைக்கு நிலத்தடி நீர் இல்லை. சென்னை நகரச் சாக்கடையை மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து வரும் நீர்தான் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடையை இப்படி மாற்றி, குழாயில் நம்ம சிப்காட்டுகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது.

23. அந்தச் சுற்றைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் நோக்கிப் போகும். செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர். சென்னை குடித்து, குளித்து, சாக்கடையாக்கும். அதில் ஒரு பங்கு கோயம்பேட்டில் சுத்தமாகி, குழாய் வழியாக நம்ம ஊர் ஆலைகளுக்கே திரும்பி வரும். நடுவில் யார் எதைக் கொட்டினாலும் அது இன்னொருத்தர் வீட்டுக்கு வந்து சேரும். இங்கே "வெளியே ஊத்திடலாம்" என்று சொல்ல வெளி என்று ஒன்று கிடையாது.

24. இதில் மருத்துவர்களாகிய எங்க பங்கும் இருக்கு. நாங்கள் எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் கிட்டத்தட்ட பாதி, மாறாமல் அப்படியே சிறுநீரில் போய்விடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் மலத்தைச் செரிக்கும், மருந்தை முழுசாகச் செரிக்காது. சவ்வு வடிகட்டி அதைத் தடுக்கும். ஆனால் அழிக்காது, ஒதுக்கி வைக்கும். ஒதுக்கிய அடர்த்தியான கழிவு மிச்சம் இருக்கும்.

25. மிச்சம் எந்த அளவுக்குப் போகும்? 2007-ல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அந்தத் தண்ணீரில் பிழைத்திருக்கிற பாக்டீரியா எப்படிப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? மருந்துக்கு அடங்காதது. அந்த வகைக் கிருமி நாளைக்கு ஒரு குழந்தையின் ரத்தத்தில் வந்தால் எங்க கையில் மருந்து இருக்காது.

26. மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் அளவுக்கு உச்சவரம்பு வைக்க 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி விதிகளில் அந்த வரம்புகள் இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விதி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பொடி இருந்தாலும் அதை வாங்க ஆலைக்கு என்ன கட்டாயம்?

27. பிஸ்மத் பொடிக்கு உண்மையான வேலை இருப்பது அந்த மிச்சத்தில்தான் என்பது என் கருத்து. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைப் பிஸ்மத் ஒளிவினையூக்கிகள் சிதைப்பதை உலகம் முழுக்க ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. வயிற்றுக்குள் டெட்ராசைக்ளினோடு கூட்டுச் சேர்ந்து கிருமியைக் கொல்லும் அதே உலோகம், வெளியே அதே டெட்ராசைக்ளினை உடைக்கிறது. நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் இது நச்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்கும். ஆனால் கவனிங்க: உலோகத்தை எந்தப் பொடியாலும் அழிக்க முடியாது. உருவத்தைத்தான் மாற்ற முடியும். மாறியதைப் பிரித்து எடுத்தே ஆகணும்.

28. ஹைட்ரஜன் கதை? பிஸ்மத் வனடேட் தனியாக ஆக்சிஜனைத்தான் எடுக்கும். ஹைட்ரஜனுக்கு அதன் எலக்ட்ரானுக்கு வலு போதாது. அதனால் இன்னொரு பொடியோடு தொடர் ஓட்டம் மாதிரி சேர்க்கிறார்கள். 2016-ல் டோக்கியோவின் கசுனாரி டோமென் குழு அப்படிச் செய்த தகடு, வெயிலின் ஆற்றலில் 1.1 சதவீதத்தை ஹைட்ரஜனாக மாற்றியது. 2021-ல் அதே குழு வேறொரு பொடியை வைத்து 100 சதுர மீட்டர் பரப்பில் செய்து காட்டியதில் உச்சம் 0.76 சதவீதம். சந்தையில் விற்கும் சோலார் பேனல் 18, 20 சதவீதம் மின்சாரம் தருகிறது. இன்றைய தேதிக்கு, பேனல் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பதே லாபம். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

29. இன்னொரு விஷயம். பிஸ்மத் பெரும்பாலும் ஈயம் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் உபபொருள். உலக உற்பத்தியில் பெரும் பங்கு சீனாவில். 2025 பிப்ரவரியில் சீனா ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்தப் பட்டியலில் பிஸ்மத்தும் உண்டு, டெல்லூரியமும் உண்டு. ஒன்று நம்ம பொடிக்கு. இன்னொன்று பிள்ளைப்பாக்கத்து பேனலுக்கு. ஏரியில் தூவிவிட்டுப் போகிற அளவுக்கு மலிந்த சரக்கு இல்லை இது.

30. அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்க. ஒன்று: சோதித்தது காய்ச்சி வடித்த தண்ணீரிலா, உண்மையான கழிவிலா? கழிவில் இருக்கும் உப்பும் பைகார்பனேட்டும் அந்த ரேடிக்கல்களை நடுவழியிலேயே தின்றுவிடும். இரண்டு: நிறம் போச்சா, பொருளே போச்சா? சாயம் வெளுத்தாலும் உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கலாம். சில துண்டு தாயைவிட மோசமாக இருக்கும். மூன்று: ஒளி எது, வெயிலா, ஆய்வகத்து சீனான் விளக்கா?

31. நான்காவது கேள்வி ஒரு டாக்டரோட கேள்வி. வேலை முடிந்த பொடியைத் திரும்ப எடுப்பது யார்? நுண் துகளாகத் தண்ணீரோடு போனால் மீனுக்கும், பாசனத்துக்கும், கடைசியில் குடத்துக்கும் வரும். கரைந்து கசியும் பிஸ்மத் எவ்வளவு, வனடியம் எவ்வளவு என்று அளந்தார்களா? பிரான்சில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. அங்கே யாரும் விஷம் கொடுக்கவில்லை. நல்ல மருந்தைத்தான் கொடுத்தார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கெட்டது அங்கேதான்.

32. அதனால "நம்ம ஏரியில போட்டா என்ன?" என்பதற்கு என் பதில்: ஏரி சோதனைக்கூடம் இல்லை. அந்தப் பொடி இருக்க வேண்டிய இடம் ஆலைச் சுவருக்குள்ளே, சுத்திகரிப்பின் கடைசிக் கட்டத்தில், தகட்டில் ஒட்டி, அளந்து, மீட்டெடுக்கும்படி. ஏரிக்குப் போய்ச் சேர்ந்த கழிவை எந்த வெயிலும் பிரித்துத் தராது. கழிவு ஏரிக்கு வராமல் தடுப்பது வாய்க்கால் வாயிலில் நிற்கும் மீட்டரும், அந்த மீட்டரின் கணக்கைக் கேட்கும் ஊர் மக்களும்தான்.

33. கிராம சபையில் கேட்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம்: எங்க ஏரிக்குள் வரும் வாய்க்கால்களின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? குரோமியம், காட்மியம், ஈயம் எவ்வளவு? ஆன்டிபயாடிக் சோதிக்கப்பட்டதா? கூடவே, சளிக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. அதுவும் தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலைதான்.

பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள். கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்த வரை பதில் சொல்றேன்.